பாரிஸ் சமையலறையில் ஒரு துறவி

கத்தோலிக்க ஆன்மீகம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆலயம், மெழுகுவர்த்தி, ஜெபமாலை இவைதான். பாத்திரம் கழுவும்போதும் கடவுள் பக்கத்தில் நிற்கிறார் என்று யாராவது சொன்னால், கேட்க அழகாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். அதையே ஐம்பது வருடம் பிடிவாதமாக வாழ்ந்து பார்த்த ஒருவர் 17-ஆம் நூற்றாண்டு பாரிஸில் இருந்தார். சகோதரர் லாரன்ஸ். அவரைப் பற்றியும், அவர் பெயரில் வந்த சின்னப் புத்தகம் பட்ட பாட்டைப் பற்றியும்தான் இந்தப் பதிவு.

இயற்பெயர் நிக்கோலா எர்மான். லொரைன் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் 1614 வாக்கில் பிறந்தவர். முப்பதாண்டுப் போர் (1618-1648) நடந்துகொண்டிருந்த காலம், சிப்பாயாகப் போனார். காலில் பட்ட காயம் கடைசிவரை நொண்ட வைத்தது. அவர் மனதைத் திருப்பியது போர் அல்ல, ஒரு மரம். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரத்தைப் பார்த்தாராம். கொஞ்ச நாளில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று தோன்றியிருக்கிறது. அந்த நொடியில் கடவுளைப் பற்றி வந்த உணர்வு அதற்குப் பிறகு விடவே இல்லை.

உடனே துறவியாகிவிடவில்லை. ஒரு கருவூல அதிகாரி வீட்டில் ஏவலாளாக இருந்தார். கையில் எடுத்ததையெல்லாம் உடைக்கிற ஆள் என்று பின்னாளில் அவரே தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1640-இல் பாரிஸ் வோஜிரார் தெருவிலிருந்த கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். குருவாக அல்ல, உடலுழைப்பு வேலைகளைச் செய்யும் சாதாரண சகோதரராக. கொடுத்த வேலை சமையல்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அவருக்குச் சமையல் வேலை பிடிக்காது! பிடித்த வேலையில் கடவுளைப் பார்ப்பது பெரிய விஷயமில்லை. அடுப்புச் சூட்டில், ஊனமான காலோடு, ஆளுக்கொன்று கேட்கும் இரைச்சலுக்கு நடுவில் சுமார் பதினைந்து வருடம் நின்றார். கோவிலில் முழந்தாளிட்டு இருக்கும்போது கிடைக்கும் அமைதிக்கும் சமையலறை அமைதிக்கும் தனக்கு வேறுபாடு இல்லை என்பது அவர் கருத்து. அது சும்மா வந்துவிடவில்லை. முதல் பத்து வருடம் மனவேதனையில்தான் கழிந்தது. பிற்பாடு கால் முடியாமல் போகவே, உட்கார்ந்து செருப்பு தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

மடத்துக்குத் திராட்சை ரசம் வாங்கிவர பர்கண்டிக்கும் அனுப்பியிருக்கிறார்கள். வியாபாரம் தெரியாது. படகில் நடக்க முடியாமல் பீப்பாய்கள் மேலேயே உருண்டு போனாராம். இது உம்முடைய வேலை என்று கடவுளிடம் சொல்லிவிட்டு வாங்கப் போனார், எல்லாம் நன்றாகவே முடிந்தது என்கிறார். காமர்ஸ் படிக்கும் எனக்கு இந்தக் கொள்முதல் முறையை எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை :-)

1666 ஆகஸ்ட்டில் ஜோசப் டி போஃபோர் என்ற குருவானவர் அவரைச் சந்தித்துப் பேச ஆரம்பித்தார். 1691-இல் லாரன்ஸ் இறந்த பிறகு, அந்த உரையாடல்களையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டவர் இவர்தான்.

வெளிவந்த நேரம்தான் சரியில்லை. ஆன்மா தானாக எதுவும் செய்யாமல் கடவுள் முன் சும்மா இருந்தாலே போதும் என்கிற ‘குவயட்டிசம்’ போதனையை ரோம் 1687-இல் கண்டித்திருந்தது. 1699-இல் பிரெஞ்சுப் பேராயர் ஃபெனலோனின் நூலிலிருந்த கருத்துகளையும் கண்டித்தது. அந்த ஃபெனலோன் தன் பக்க நியாயத்துக்கு லாரன்ஸைத் துணைக்கு அழைத்திருந்தார். போதாதா? சமையல்காரர் புத்தகத்தின் மீதும் சந்தேக நிழல் விழுந்தது.

என்னைக் கேட்டால் இது அநியாயம். ஒரு பெரிய மடத்துக்கே சமைத்துப் போடுகிறவரைப் பார்த்து ‘சும்மா இருப்பதைப் போதிக்கிறார்’ என்று எப்படிச் சொல்ல முடியும்? குவயட்டிசத்துக்கு அவருடைய கரண்டியைவிட நல்ல மறுப்பு கிடைக்காது.

கத்தோலிக்கர்கள் ஏறக்குறைய மறந்துபோன இந்தப் புத்தகத்தைக் காப்பாற்றியது புரொட்டஸ்டன்ட்டுகள். ஹாலந்தில் வாழ்ந்த பியேர் புவாரே மறுபடி அச்சிட்டார். இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, தன் மக்கள் படிக்க வேண்டிய நூல் வரிசையில் சேர்த்தார். இப்படி ஆங்கிலம் வழியாகத்தான் உலகம் முழுக்கப் போனது. கத்தோலிக்க மடத்துச் சமையல்காரரின் ஜெபத்தை, மடங்களே கூடாது என்றவர்கள் பத்திரப்படுத்தினார்கள்!

2025 டிசம்பரில் திருத்தந்தை 14-ஆம் லியோ, லெபனானிலிருந்து திரும்பும் விமானத்தில், தன்னைப் புரிந்துகொள்ள உதவும் புத்தகம் என்று குறிப்பிட்டது இதைத்தான். லாரன்ஸுக்குப் புனிதர் பட்டம் இன்னும் கொடுக்கப்படவில்லை.