மெயில்சன் ஆல்வெஸ்

பிரேசில் தேசத்துக் கால்பந்தாட்டக்காரர். தற்காப்பின் மையத்தில் நின்று ஆடியவர். 2015-ஆம் ஆண்டு சென்னையின் எஃப்சி அணியில் சேர்ந்து, அவ்வாண்டே மார்கோ மத்தராட்சியின் பயிற்சியில் இந்தியன் சூப்பர் லீக் கிண்ணத்தை வென்ற குழுவில் இடம்பெற்றார். 2017–18 பருவமே இவருடைய கீர்த்திக்குக் காரணமாயிற்று.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில், சுனில் சேத்ரியின் கோலால் தொடக்கத்திலேயே பின்தங்கிய சென்னைக்கு, கிரெகரி நெல்சன் மூலையிலிருந்து உதைத்தனுப்பிய பந்துகளை 17-ஆம் நிமிஷத்திலும் 45-ஆம் நிமிஷத்திலும் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தி, கோல் தடுப்பதையே தர்மமாகக் கொண்ட ஒருவர் கோல்களாலேயே வெற்றிக்கு வழிகோலினார். ராபேல் அகஸ்டோ மூன்றாவதை அடிக்க, ஆட்டம் 3–2 என முடிந்தது.

அடுத்த பருவத்தில் மெயில்சன் அணியின் தலைமைப் பொறுப்பேற்றார். அணியோ கடைசி ஸ்தானத்துக்குச் சரிந்தது. ஆயினும், சென்னைக்காக ஆடிய அந்நியநாட்டுத் தற்காப்பாளர்களுள் இவருக்கே முதலிடம் தரத் தகும்.