நித்தியகல்யாணி: பூந்தோட்டத்திலிருந்து வயலுக்கு

நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. ஆண்டு முழுவதும் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூக்கும் இந்தப் பல்லாண்டுச் செடியின் விதைகள் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் அரச தோட்டத்தை அடைந்தன. அங்கிருந்து வந்த விதைகளை லண்டனின் செல்சி மருந்துத் தோட்டத்தில் பிலிப் மில்லர் வளர்த்தார். 1759இல் லின்னேயஸ் இதற்கு வின்கா ரோசியா எனப் பெயரிட்டார். குளிரைத் தாங்காத செடி என்பதால் ஐரோப்பாவில் கண்ணாடி வீடுகளிலேயே இது வளர்ந்தது.

வெப்ப நாடுகளில் அதற்குக் காவல் தேவைப்படவில்லை. உதிர்ந்த விதை தானே முளைக்கும், வறட்சியைத் தாங்கும், இலை கசப்பதால் ஆடு மாடுகள் கடிப்பதில்லை. அழகுக்காக நட்ட செடி தோட்ட வேலியைத் தாண்டித் தரிசிலும் கடற்கரை மணலிலும் பரவியது. தமிழகத்தில் சுடுகாடுகளிலும் மண்டியதால் சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் பெற்றது.

பல நாடுகளில் மக்கள் இதன் இலைக் கஷாயத்தை நீரிழிவுக்குக் குடித்துவந்தனர். 1952இல் ஜமைக்காவிலிருந்து இலைகள் கனடாவில் இருந்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்தன. அவர் அவற்றைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில் எலிகளின் இரத்தச் சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்தத் தடயத்தைப் பின்பற்றி ராபர்ட் நோபிளும் வேதியியலர் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தனர். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் தனியே இதே செடியை ஆராய்ந்துவந்தது. அதன் ஆய்வில் கிடைத்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. வின்பிளாஸ்டின் ஹாட்ஜ்கின் நோய்க்கும், வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் முக்கிய மருந்துகளாயின.

அதன்பின் நித்தியகல்யாணி வணிகப் பயிரானது. இலையோடு, அஜ்மாலிசின் என்ற பொருளுக்காக வேரும் விலைபோனது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் மழை குறைந்த நிலங்களில் இது மானாவாரியாகப் பயிரிடப்பட்டது. சாகுபடிக்கு முதல் விதி வடிகால்: நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். விதையை நேரடியாக விதைக்கலாம். நாற்றங்காலில் வளர்த்து 45 செ.மீ. இடைவெளியிலும் நடலாம். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறிப்பார்கள். வேருக்காகப் பயிரிட்டால் ஓராண்டில் செடியை அறுத்து, நிலத்தை உழுது வேரை எடுத்து, கழுவி உலர்த்துவார்கள். வீட்டுத் தோட்டத்தில் பல ஆண்டு வாழும் செடிக்கு வயலில் ஓராண்டே ஆயுள்.

இலையில் மருந்துப் பொருள் மிகச் சொற்பம். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர் இலை வேண்டும். இந்தச் சுமையைக் குறைக்க, மருந்தின் முன்னோடிப் பொருள்களை ஈஸ்ட்டில் உருவாக்கும் முறையை ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டனர். வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளன.