மேடையிலிருந்து அலமாரிக்கு: அடையாறு தந்த சேலை

பட்டுச்சேலை கட்டிக் காட்டும் ரீல்ஸ் எதைத் திறந்தாலும் கீழே இதய எமோஜிகளுக்கு நடுவில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: “இந்தச் சேலை எங்கே வாங்கினீங்க?” சென்னைக்கு இது பழகிய கேள்வி. இன்ஸ்டாகிராம் பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, ஆடை அழகைக் கண்டு அசந்துபோகும் ஒரு கூட்டம் அடையாற்றில் உருவாகத் தொடங்கியிருந்தது.

1935இல் அடையாறு பிரம்மஞான சபையின் வைர விழா மாநாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் முதன்முதலாக நடன மேடையேறினார். பிராமணப் பெண் சதிர் (இன்றைய பரதநாட்டியம்) ஆடுவதா என்று எதிர்ப்பு கிளம்பிய காலம் அது. அவர் அடவுகளை மட்டும் கற்றுக்கொண்டு நிற்கவில்லை. கோயில் சிற்பங்களைப் பார்த்து, விசிறி மடிப்பு வைத்துத் தைத்த புதிய ஆடையையும் அமைத்தார். இன்று அரங்கேற்றப் படங்களில் நாம் காணும் உடையின் அச்சு அதுதான்.

வந்தவர்கள் வியந்தார்கள். அந்த வியப்பில் ஒரு பங்கு மயிலாப்பூர் கௌரி அம்மாளுக்கும் சேர வேண்டும். கபாலீசுவரர் கோயில் ஆடல் மரபில் வந்த அவரிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும்தான் ருக்மிணி தேவி பயின்றார். ஆனால் கௌரி அம்மாள் போன்றவர்களின் பரம்பரை கட்டிய உடையை அன்றைய நகரம் ஏளனமாகவே பார்த்தது. ஆடை அழகின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அங்கே தறிகள் வந்தன. வழக்கொழிந்துகொண்டிருந்த பழைய கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் அவர் தேடி எடுத்து நெய்யவைத்தார். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என எதிரெதிர் நிறங்களில் அகலக் கரை போட்ட சேலைகள் அவை. அவரே அவற்றைக் கட்டிக்கொண்டு சபைகளிலும், 1952 முதல் மாநிலங்களவையிலும் அமர்ந்தார். பிறகு ‘கலாக்ஷேத்ரா சேலை’ என்று பெயர் சொல்லியே பெண்கள் கேட்டு வாங்கும் அளவுக்கு அது பரவியது.

அந்தக் கரையின் அழகு கோர்வை என்ற நெசவு முறையில் இருக்கிறது. சேலையின் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று ஓடும். நெசவாளர் ஒருவரால் மட்டும் முடியாது. மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள உதவியாள் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். ஒவ்வொரு இழையோட்டத்திலும் உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கவ்வித் திரும்பும். உடலின் நிறம் கரைக்குள் நுழைவதே இல்லை, அதனால்தான் கரை கலப்பில்லாமல் பளிச்சென்று நிற்கிறது. சாதாரண நெசவில் ஒரே ஊடை இக்கரையிலிருந்து அக்கரைவரை ஓடுவதால் கரையில் உடலின் சாயல் தட்டும்.

இன்று ‘கலாக்ஷேத்ரா பார்டர்’ என்ற பெயரில் விசைத்தறிச் சேலைகளும் வீடியோக்களில் வலம்வருகின்றன. முந்தியை விரித்துக் காட்டினால் போதாது என்று, கோர்வைதானா எனப் பார்க்கக் கரையும் உடலும் சேரும் இடத்தைப் புரட்டிக் காட்டச் சொல்லிக் கேட்கும் பார்வையாளர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் தறியில் உட்கார்ந்த இருவரின் கூலி இருக்கிறது.