டப்ளினிலிருந்து பெல்பாஸ்ற்றுக்கு: 1971 ஆம் ஆண்டின் ஒருநாட் புகையிரதப் பயணமும் அயர்லாந்தின் கருத்தடைச் சட்டமும்

சட்டமொன்றின் வலிமையை அதன் கீழ்த் தண்டிக்கப்பட்டோரின் தொகையைக் கொண்டு மாத்திரம் அளவிட முடியாது. தான் தடைசெய்யும் பொருளின் பெயரை உச்சரிக்கவே மக்கள் கூசும் நிலையை ஒரு சட்டம் தோற்றுவித்துவிடுமாயின், நீதிமன்றுக்கு அதிகம் வேலையின்றியே அது தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளும். அயர்லாந்துக் குடியரசில் 1935 முதல் நடைமுறையிலிருந்த கருத்தடைச் சாதனத் தடை இத்தகைய சட்டங்களுள் ஒன்றாகும். 1971 மே 22 ஆம் திகதி சனிக்கிழமை, 47 பெண்கள் டப்ளின் நகரிற் காலைப் புகையிரதத்திலேறி, எல்லைக்கப்பாலுள்ள பெல்பாஸ்ற் நகருக்குச் சென்று, அங்கு பொருள் வாங்கிக்கொண்டு அன்றைய தினமே திரும்பினர். கடைக்குச் சென்று மீளுதல் என்ற அளவில் மிகச் சாதாரணமான இச்செயல், அந்நாட்டின் சமூக வரலாற்றில் ஏன் இன்றும் பேசப்படுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், அப்பெண்கள் கடந்த எல்லையின் இயல்பு விளக்கப்படல் வேண்டும். 1920 ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டத்தின் விளைவாகத் தீவு இரண்டாகப் பிரிந்தது. வடக்கின் ஆறு மாவட்டங்கள் ஐக்கிய இராச்சியத்தோடு நிலைத்தன. ஏனைய இருபத்தாறும் 1922 இற் சுதந்திர அரசாகிப் பின்னர் 1949 இற் குடியரசாயின. 1923 ஏப்ரல் முதலாந் திகதி தொடக்கம் இவ்வெல்லையிற் சுங்கப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. ஆயின் டப்ளினையும் பெல்பாஸ்ற்றையும் இணைத்த இருப்புப்பாதையோ பிரிவினைக்கு நெடுங்காலம் முந்தியது. பொயின் நதியின் மீதான பெரும்பாலம் 1855 இலேயே திறக்கப்பட்டுவிட்டது. எனவே பாதை ஒன்றாயும் சட்டங்கள் இரண்டாயும் இருந்த நிலையில், ஒருபுறம் கிடையாததை மறுபுறம் சென்று வாங்குவது மக்களுக்கு வழக்கமாயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வடக்கிலிருந்தோர் வெண்ணெயும் இறைச்சியும் நாடித் தெற்கே வந்தனர். தெற்கிலிருந்தோர் தேயிலையும் வெள்ளை மாவும் நாடி வடக்கே சென்றனர். மேலங்கியினுள்ளே பொருளை ஒளித்துக்கொண்டு சுங்க அதிகாரியின் முன்னால் ஏதுமறியாதார் போல நிற்பது இருபுறத்தாருக்கும் பழகிப்போன ஒரு கலை எனலாம். 1947 இல் ஆரம்பிக்கப்பட்ட 'என்ரபிறைஸ்' கடுகதிச் சேவை இடைவழியில் நில்லாது ஓடியமையின், சுங்கப் பரிசோதனை பயணம் முடியும் நிலையத்திலேயே நடைபெறலாயிற்று. 1971 இன் நிகழ்வு டப்ளின் நிலையத்தில் அவ்வாறு அரங்கேறியமைக்குக் காரணம் இந்த ஏற்பாடேயாகும்.

இனி அச்சட்டத்தை நோக்குவோம். 1935 ஆம் ஆண்டின் குற்றவியற் சட்டத் திருத்தச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, கருத்தடைச் சாதனங்களை விற்றல், விற்பனைக்கென வைத்திருத்தல், விளம்பரஞ் செய்தல், விற்பனைக்காக இறக்குமதி செய்தல் ஆகியவற்றைக் குற்றமாக்கிற்று. சுங்கச் சட்டத்தின் கீழ் அவற்றைத் தடைசெய்யப்பட்ட பண்டங்களின் வரிசையிலுஞ் சேர்த்தது. இதற்கு ஆறாண்டுகள் முன்னரே, 1929 இன் வெளியீட்டுத் தணிக்கைச் சட்டம் கருத்தடையை ஆதரித்து எழுதும் நூல்களைத் தடைசெய்திருந்தது. முதலில் அறிவையும் பின்னர் பொருளையும் அரசு தடுத்தது என்ற இவ்வொழுங்கு கவனிக்கத்தக்கது. 1937 ஆம் ஆண்டின் அரசியல் யாப்போ கத்தோலிக்க திருச்சபையின் விசேட நிலையை ஏற்றதோடு, இல்லத்தினுள்ளே பெண் நடத்தும் வாழ்வினால் அரசு பெறும் ஆதரவையும் போற்றிற்று. இப்போற்றுதலின் மறுபக்கமாக, அரசாங்க சேவையிலிருந்த பெண் திருமணத்தோடு வேலையை விட்டு விலக வேண்டுமென்ற விதி 1973 வரை நிலைத்தது. வேலைக்குச் செல்லவும் இயலாது, பிள்ளைப்பேற்றைத் திட்டமிடவும் இயலாது என்ற இருபக்கச் சுவர்களுக்கிடையே மணமான பெண்ணின் வாழ்வு அமைந்தது.

எனினும் இச்சட்டம் சகலரையும் ஒரே அளவிற் பாதிக்கவில்லை என்பது இங்கு அழுத்திக் கூறப்படல் வேண்டும். சாதனங்களைப் பயன்படுத்துவதைச் சட்டம் குற்றமாக்கவில்லை. விற்பதும் கொண்டுவருவதுமே தடைக்குள்ளாயின. ஆகவே இங்கிலாந்துக்கோ வடக்குக்கோ அடிக்கடி சென்றுவர வசதியுள்ளோர் தமக்கு வேண்டியதை மறைவாகக் கொணர்ந்தனர். நல்ல வைத்தியரை அணுகக்கூடிய பெண்ணுக்குக் கருத்தடைக் குளிசை, மாதவிடாயை ஒழுங்குபடுத்தும் மருந்து என்ற பெயரிற் கிடைத்தது. 1969 இல் டப்ளினில் நிறுவப்பட்ட கருவள ஆலோசனை நிலையமொன்று, சாதனங்களை விற்காது வழங்கிவிட்டு நன்கொடை பெறுவதன் மூலம் சட்டத்தின் சொற்களுக்குள்ளேயே ஒரு வழியைக் கண்டது. இவ்வழிகளை அறியாதோரும், அறிந்தும் பணமில்லாதோருமான தொழிலாளர், மீனவர், சிறு விவசாயிகள் ஆகியோரின் மனைவியர் மீதே சட்டத்தின் முழுப்பாரமும் விழுந்தது. 1968 யூலையில் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை மீண்டும் நிராகரித்தமை, தளர்வை எதிர்பார்த்திருந்த கத்தோலிக்கப் பெண்களின் நம்பிக்கையைத் தகர்த்தது.

இத்தகைய பின்னணியிலேயே 1970 இல் டப்ளினில் ஐரிஷ் பெண்கள் விடுதலை இயக்கம் உருவாயிற்று. மேரி கெனி, நெல் மக்கவேட்டி, ஜூன் லெவின், மேரி மாகர் முதலிய பத்திரிகையாளரும், மொறின் டி பூர்க்கா போன்ற அரசியற் செயற்பாட்டாளரும் இதன் முன்னணியில் நின்றனர். சம ஊதியம், சட்டத்தின் முன் சமத்துவம், சமமான கல்வி, கைவிடப்பட்ட மனைவியருக்கும் விதவையருக்கும் மணமாகாத தாய்மாருக்கும் நீதி ஆகியவற்றோடு கருத்தடை உரிமையும் இவர்களது கோரிக்கைகளில் இடம்பெற்றது. 1971 மார்ச்சிலே தொலைக்காட்சி வாயிலாக இக்கோரிக்கைகள் நாடு முழுவதும் பரவின; ஏப்ரலில் டப்ளின் மான்சன் மாளிகையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்திற் பெண்கள் பெருந்தொகையாகத் திரண்டனர். அதே ஆண்டில், செனற்சபை உறுப்பினராகவிருந்த இளஞ் சட்டத்தரணி மேரி றொபின்சன், சட்டத்தைத் திருத்தும் நோக்குடன் கொணர்ந்த மூலத்திற்கு முதலாம் வாசிப்புக்கூட மறுக்கப்பட்டது. முதலாம் வாசிப்பின்றி மூலம் அச்சேறாது. அச்சேறாததை எவரும் விவாதிக்க இயலாது. டப்ளின் பேராயர் ஜோன் சாள்ஸ் மக்குவெயிட், இத்தகைய சட்டம் நாட்டுக்கே சாபமாகுமெனத் தம் மேய்ப்புமடலில் எச்சரித்தார். பேச்சுக்கே இடமில்லாத மன்றத்தில் பேச முயல்வதைக் காட்டிலும், சட்டத்தை வெளிப்படையாக மீறிக்காட்டுவதே தக்கதென இயக்கத்தினர் முடிவுசெய்தமையை இச்சூழலில் வைத்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

இம்முடிவை இயக்கத்திலிருந்த அனைவரும் ஏற்றனர் எனக் கூறுவதற்கில்லை. இது சாதாரணப் பெண்களை அச்சுறுத்தி விலகச்செய்யும் எனக் கருதியோரும் அவர்களிடையே இருந்தனர். மணமாகாத பெண்ணொருத்தி தொலைக்காட்சிக் கமராக்களின் முன்னே கருத்தடைச் சாதனத்துடன் தோன்றுவது, அவளுக்கும் அவளது குடும்பத்துக்கும் அந்நாளில் எத்துணை அவமானத்தைத் தரக்கூடியது என்பதை எண்ணுமிடத்து இத்தயக்கத்தை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. மேலும், 1969 முதல் வடக்கிலே கலவரமும் குண்டுவெடிப்பும் தொடர்ந்தன. பெல்பாஸ்ற் அமைதியான கடைத்தெருவாக இருக்கவில்லை.

பெல்பாஸ்ற்றை அடைந்து மருந்துச்சாலையினுள் நுழைந்தபோது எதிர்பாராத இடர் ஒன்று தோன்றிற்று. நெல் மக்கவேட்டி கருத்தடைக் குளிசை கேட்டார். வைத்தியரின் மருந்துச் சீட்டு எங்கே என வினவப்பட்டது. கருப்பையினுள் வைக்கும் வளையத்தைக் கேட்டபோதும் விடை சாதகமாக அமையவில்லை. இவை வைத்தியரின் துணையின்றிப் பெறத்தக்கவையல்ல என்பதை அப்பெண்கள் அறிந்திருக்கவில்லை. ஆணுறையும் விந்துகொல்லிக் களிம்பும் தடையின்றிக் கிடைத்தன. ஆனால் பெண்ணின் உரிமைக்குச் சின்னமாக விளங்கிய குளிசையின்றி எவ்வாறு திரும்புவது? மக்கவேட்டி அதற்கொரு வழி கண்டார். அஸ்பிரின் குளிசைகள் பெருந்தொகையாக வாங்கப்பட்டன. உறை நீக்கிய குளிசை அஸ்பிரினா கருத்தடை மருந்தா எனப் பகுத்தறியச் சுங்க அதிகாரியால் இயலாது என்பதே அவரது கணிப்பு.

இச்சம்பவம் பின்னாளில் நகைச்சுவையாகவே பெரிதும் நினைவுகூரப்பட்டது. ஆயின் அதனுள்ளே பொதிந்துள்ள உண்மை கசப்பானது. பல்கலைக்கழகங்களையும் பத்திரிகை அலுவலகங்களையும் கண்ட, நாட்டின் மிக விழிப்புணர்வுள்ள பெண்களிற் சிலரே கருத்தடைக் குளிசை எவ்வாறு பெறப்படுவது என்பதை அறியாதிருந்தனர். 1929 இன் தணிக்கையும் 1935 இன் தடையும் எத்துணை ஆழமாக வெற்றிபெற்றிருந்தன என்பதற்கு அந்த அஸ்பிரின் பொதிகளைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

திரும்பிய புகையிரதம் டப்ளின் கொனொலி நிலையத்தை அடைந்தது. 1916 எழுச்சியின் பின் மரணதண்டனைக்குள்ளான சோசலிசவாதி ஜேம்ஸ் கொனொலியின் பெயரை அந்நிலையம் 1966 முதல் தாங்கி நின்றது. தொழிலாளரின் விடுதலையோடு பெண்களின் விடுதலையையும் இணைத்து எழுதியவர் அவர். தடுப்புக்கு அப்பால் ஆதரவாளர் திரண்டு நின்று, பெண்களை உள்ளே விடுமாறு முழக்கமிட்டனர். பெண்களோ வழக்கமான கடத்தற்காரரின் முறையைத் தலைகீழாக்கினர். ஒளிப்பதற்குப் பதிலாகத் தாம் கொணர்ந்ததை உரத்துக் கூறினர், ஒப்படைக்க மறுத்தனர், சிலர் பொருள்களை உயர்த்திக் காட்டினர், சிலர் அதிகாரிகளின் கண்முன்னே அஸ்பிரினை விழுங்கினர். சுங்க அதிகாரிகள் கூச்சமும் குழப்பமும் அடைந்து, எவரையுங் கைதுசெய்யாது வழிவிட்டனர்.

இங்குதான் நிகழ்வின் அரசியற் பொருள் வெளிப்படுகின்றது. கைதுசெய்தால் நீதிமன்றில் இதுபற்றிப் பேச வேண்டிவரும். விட்டுவிட்டால் சட்டம் வெறும் எழுத்தாகும். அரசு இரண்டாவதைத் தெரிந்தது. முப்பத்தாறு ஆண்டுகளாக நிலைத்த சட்டமொன்றினை, கமராக்களின் முன்னிலையிற் செயற்படுத்த அரசே துணியவில்லை என்பதை நாடு கண்டது.

ஆயினும் அப்பயணமே சட்டத்தை வீழ்த்திற்று எனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. சட்டத்தின் அத்திவாரத்தை அசைத்தது மேரி மகீ என்ற மீனவரின் மனைவி தொடுத்த வழக்காகும். நான்கு பிள்ளைகளின் தாயான அவருக்கு இன்னொரு கர்ப்பம் உயிராபத்தாகலாமென வைத்தியர் எச்சரித்திருந்தார். இங்கிலாந்திலிருந்து தபால்மூலம் அவர் வரவழைத்த களிம்பைச் சுங்கத்தினர் பறிமுதல் செய்தனர். கொனொலி நிலையத்திற் கூட்டத்தின் முன் தளர்ந்த அதே அதிகாரம், தனித்திருந்த ஏழைப் பெண்ணின் பொதியின் மீது தடையின்றிச் செயற்பட்டமை நோக்கற்பாலது. 1973 டிசம்பர் 19 ஆம் திகதி உயர் நீதிமன்றம், நால்வர் எதிர் ஒருவர் என்ற பெரும்பான்மையினால், மணமானோரின் அந்தரங்க உரிமையை இவ்விறக்குமதித் தடை மீறுகின்றதெனத் தீர்ப்பளித்தது.

அதன் பின்னரும் சட்டவாக்கம் ஆமை வேகத்திலேயே நகர்ந்தது. 1974 இல் அரசாங்கம் கொணர்ந்த சட்டமூலத்துக்கு எதிராகப் பிரதமர் லியாம் கொஸ்கிறேவ் தாமே வாக்களித்து, அதன் தோல்விக்குத் துணைநின்றார். சாள்ஸ் ஹோகியின் 1979 ஆம் ஆண்டுச் சட்டம், உண்மையான குடும்பத்திட்ட நோக்கத்திற்கென வைத்தியர் சீட்டு வழங்கினால் மாத்திரமே சாதனங்களைப் பெற அனுமதித்தது. 1985 இற் பதினெட்டு வயதைக் கடந்தோர் சீட்டின்றி ஆணுறை வாங்க இடமளிக்கப்பட்டது. எய்ட்ஸ் நோய் பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்ள, 1993 இலேயே ஆணுறை விற்பனை மீதான கட்டுப்பாடுகள் பெரிதும் நீங்கின. இதனிடையே, 1971 இல் முதலாம் வாசிப்பு மறுக்கப்பட்ட மேரி றொபின்சன் 1990 இல் நாட்டின் சனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார்.

புகையிரதப் பயணம் முதல் 1993 வரை இருபத்திரண்டு ஆண்டுகள். இவ்விடைவெளியை நோக்குவோர் அப்பயணத்தை வெறும் விளம்பரமெனக் குறைத்து மதிப்பிடக்கூடும். அம்மதிப்பீடு முழுமையானதன்று. சட்டத்தை மாற்றும் ஆற்றல் நீதிமன்றுக்கும் பாராளுமன்றுக்கும் உரியது. ஆனால் பேசக்கூடாததெனச் சமூகம் ஒதுக்கிய ஒன்றைப் பேசுபொருளாக்கும் ஆற்றல் அவற்றுக்கு இருக்கவில்லை என்பதை றொபின்சனின் அச்சேறாத சட்டமூலமே காட்டும். அவ்வாற்றலை அன்று மாலை கொனொலி நிலையத்தில் நின்ற பெண்கள் வெளிப்படுத்தினர். அவர்களது கைப்பைகளிலிருந்தவற்றுட் பெரும்பகுதி தலைவலி மருந்தேயாயினும், அதைக் கண்டு தயங்கி நின்றது ஓர் அரசு என்பதை வரலாறு பதிவுசெய்துள்ளது.