சாம்பல் காத்த ஈரம்

சருகு பரப்பி மண்ணின் ஈரத்தைக் காப்பதை மூடாக்கு என்கிறோம். ஸ்பெயினுக்குரிய லான்சரோத்தே தீவில் அதனை எரிமலையே இட்டது. 1730 முதல் 1736 வரை நீடித்த வெடிப்பில் ஊர்களும் தானிய வயல்களும் புதைந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் மழையே காணும் நிலம் அது. எஞ்சிய உழவர் சாம்பலில் குழி பறித்து, அடியிலிருந்த பழைய மண்ணில் திராட்சையையும் அத்தியையும் நட்டனர். காற்றைத் தடுக்க அரைவட்டக் கற்சுவர் எழுப்பினர். துளைகள் நிறைந்த சாம்பல் மழைநீரை விரைந்து கீழிறக்கியது. உள்ளிருந்த ஈரம் வெயிலில் ஆவியாகாமல் மறைத்தது. லா ஹெரியாப் பகுதியில் இன்றும் அத்தகைய குழிகளில் கொடிகள் காய்க்கின்றன. மூடாக்கு நீரை உண்டாக்குவதில்லை. வந்த துளியைப் போகவிடாமல் காக்கிறது. வயலை விழுங்கிய சாம்பலே தோட்டத்தை வாழ்வித்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.