யாத்திரிகர் இருவர்

1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட இபுனு பதூதாவின் மரக்கலம், காற்று மாறியதால் இலங்கைக் கரையை அடைந்தது. ஆரியச் சக்கரவர்த்தியின் துறையில் இறங்க மீகாமன் அஞ்சினான். பதூதாவோ, தாம் மதுரைச் சுல்தானின் உறவினர் என அறிவித்தார். மெய்யாகவே அவ்விருவரும் ஒரே வீட்டிற் பெண்கொண்டவர்கள். அவ்வுறவே கடவுச்சீட்டாயிற்று. மன்னன் அவரை வரவேற்று, முத்துக்கள் ஈந்து, சிவனொளிபாத மலையைத் தரிசிக்கப் பல்லக்கும் வழித்துணையும் உதவினான்.

புயலிற் பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவிலே தங்கிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1660 இல் கண்ட வரவேற்போ வேறு. ஒல்லாந்தர் துணையோடு போர்த்துக்கேயரை எதிர்த்த இரண்டாம் இராசசிங்கன், கைப்பற்றிய கொழும்பை அவர்கள் கையளிக்காமையால் ஐரோப்பியர்மீது ஐயங்கொண்டிருந்த காலம் அது. நொக்ஸ் ஒல்லாந்தரல்லர், ஆயினும் 19 ஆண்டுகள் கண்டி நாட்டிலே கைதியாகக் கழித்தார். 1679 இல் தப்பியோடிய அவர் அடைக்கலம் புகுந்தது, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையில்!