தீய்ந்த அட்டைகளும் கற்கும் இயந்திரமும்

ஸ்காட்லாந்தின் நாட்டார் கதைகளைத் தொகுத்தவர் என்றே ஜான் பிரான்சிஸ் கேம்ப்பெல்லை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. 1853இல் நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம் ஒன்றை மரக்கிண்ணத்தில் வைத்து, வெயில் அந்த மரத்தில் சுட்டுச்சென்ற தடத்தை ஆவணமாக்கியவர் அவர். 1879இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் அக்கருவியைத் திருத்தி, நாள்தோறும் மாற்றத்தக்க அட்டையைப் பொருத்தினார். வெயில் காய்ந்தால் அட்டை தீயும். மேகம் மறைத்தால் தடம் அறுபடும். உலகெங்கும் வானிலை நிலையங்களில் பெயர் தெரியாத ஊழியர்கள் பல பத்தாண்டுகள் அந்த அட்டைகளை மாற்றி வந்தார்கள். 1924இல் ஸ்வீடனின் ஆங்ஸ்ட்ராம், வெயிலடித்த நேரத்திலிருந்து தரையை அடைந்த கதிர்வீச்சை மதிப்பிடும் எளிய சமன்பாட்டை அளித்தார்.

நடந்ததை அளக்கலாம். நடக்கப்போவதை?

முதல் உலகப்போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் பணியிலிருந்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், 1910 மே 20ஆம் நாளின் வானிலையைச் சமன்பாடுகளால் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்தார். இடையில் காணாமற்போன கைப்பிரதி, சில மாதங்கள் கழித்து ஒரு நிலக்கரிக் குவியலுக்கடியில் கிடைத்தது. ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்றது கணக்கு. உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் 1922இல் நூலாக வெளியிட்டார். பிழையின் வேர் தொடக்கத் தரவுகளில் இருந்தது. 1950இல் எனியாக் கணினி அவ்வழியில் வென்றபோதும், ஒரு நாளின் முன்கணிப்புக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடித்தது.

மின்வலையமைப்பில் உற்பத்தியும் நுகர்வும் நொடிதோறும் சமமாக இருந்தாக வேண்டும். 2015 மார்ச் 20 அன்று ஐரோப்பாவில் சூரிய கிரகணம். அப்போது ஜெர்மனியின் சூரிய மின் நிறுவுதிறன் ஏறத்தாழ 38,000 மெகாவாட். கிரகணத்தின் நேரம் நொடி பிசகாமல் தெரிந்திருந்தது. வானம் தெளிந்திருக்குமா என்பதே முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாத கேள்வி. மாதக்கணக்கில் செய்த ஆயத்தத்தால் மின்சாரம் தடைபடவில்லை. ஆனால் மேகம் கிரகணத்தைப்போல் நாள்குறித்து வருவதில்லை. அதைக் கணிக்கத் தவறினால், இருப்பில் நிற்கும் நிலக்கரி, எரிவாயு நிலையங்கள்தான் ஈடுகட்டியாக வேண்டும்.

இன்றைய முனைவர் பட்ட ஆய்வாளர் நுழைவது இங்கேதான். செயற்கைக்கோள் படங்கள், வானிலைக் கணிப்புகள், பழைய உற்பத்திப் பதிவுகள் ஆகியவற்றை அவர் கணினிக்கு ஊட்டுகிறார். கணினி அவற்றினிடையே ஒழுங்கைத் தேடுகிறது. தெளிந்த வானில் சூரியனின் பாதையை எவரும் கணக்கிடலாம், கடினமானது மேகம். 'இப்போதிருப்பதே அடுத்த மணியிலும் நீடிக்கும்' என்ற எளிய ஊகத்தை வெல்வதே அவருக்கான முதல் தேர்வு. குறுகிய நேரக் கணிப்பில் அந்த ஊகம் எளிதில் தோற்பதில்லை.

புதிய இயந்திரமும் ரிச்சர்ட்சன் இடறிய இடத்திலேயே இடறக்கூடும். தரை அளவீடுகள் அரிதான நிலப்பரப்புகளில் அதன் கல்வி அரைகுறையாகவே அமையும். கணிப்பவருக்குக் கிடைக்கும் பெயரில் ஒரு பங்கு, அட்டை மாற்றிய அந்த ஊழியர்களுக்கும் உரியது. அளவீட்டு நிலையங்களை வீண்செலவென்று கருதும் அரசுகள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.